முந்துகிறவனே முந்திக்கொண்டிருந்தால்...

சென்ற முறை பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இந்த முறை கார் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். டீச்சருக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். செபராங் ஜெயாவிலிருந்து தினமும் என் பழைய காரில் தோட்டப் பள்ளிக்குப் போய்த் திரும்புவதுதான் எனக்குத் தெரிந்த கார் ஓட்டம். ஆனால் ஒரு பந்தய விளையாட்டு எனக்குப் பாடம் நடத்திவிட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பள்ளியைச் சுற்றி இப்போது ரப்பர் இல்லை, செம்பனைதான். பிள்ளைகளும் குறைவு. மதியம் வகுப்பு முடிந்து, வேன் வரும்வரை ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் காத்திருப்பார்கள். அவர்கள் கையும் வாயும் சும்மா இருக்காது. அதனால் ஒரு நாள் அட்டையும் பகடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் அக்காள் மகன் கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவான். 2016இல் வந்தது, 'மோட்டார்ஸ்போர்ட் மேனேஜர்' என்று பெயர். அதில் நாம் காரை ஓட்டுவதில்லை. பந்தயக் குழுவின் முதலாளியாக இருந்து, ஓட்டுநரை அமர்த்தி, இயந்திரத்தைச் சீர்படுத்தி, எந்தச் சக்கரத்தைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதைப் பார்த்துத்தான், கணிதம் பழகட்டுமே என்று, காகிதத்தில் ஒன்று செய்தேன்.

விதிகள் எளிமைதான். ஆறு பிள்ளைகள், ஆறு குழுக்கள். ஒரு பந்தயத்துக்கு ஆறு சுற்று. சுற்றுக்கு ஒரு முறை பகடை உருட்டலாம். பகடையில் விழும் எண்ணோடு இயந்திரத்தின் வலிமையைக் கூட்டி அத்தனை கட்டம் நகர வேண்டும். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே வலிமை. பந்தயம் முடிந்ததும் முதலாவதாக வந்தவருக்கு 50 காசு, அடுத்தவருக்கு 40, அப்படியே குறைந்து கடைசிக் குழுவுக்கு ஒன்றுமில்லை. 20 காசு கொடுத்தால் இயந்திர வலிமை ஒன்று கூடும். எழுதி முடித்தபோது, நியாயமான விதிகள் என்றுதான் நானும் நினைத்தேன். வென்றவனுக்குப் பரிசு கொடுப்பதில் என்ன தப்பு?

மூன்றாவது பந்தயத்திலேயே ஆட்டம் செத்துவிட்டது.

ஏன் என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலில் வந்தவன் 40 காசுக்கு வலிமை இரண்டு வாங்குகிறான். கடைசியில் வந்தவனால் எதுவும் வாங்க முடியாது. சுற்றுக்கு இரண்டு கட்டம் வித்தியாசம் என்றால் ஆறு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம். பகடையை ஆறு முறை உருட்டினால் சராசரியாக 21 வரும். நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து கூடலாம். பன்னிரண்டு கட்டத்தை அதிர்ஷ்டத்தால் ஈடுகட்டுவது அபூர்வம். அடுத்த பந்தயத்திலும் அவனே வென்றால் வித்தியாசம் இருபத்து நாலு கட்டமாகிவிடும். அப்புறம் பகடை எதற்கு? முதல் நாள் யாருக்கு ஆறு விழுந்ததோ, அவனே பருவம் முழுக்க வெற்றி வீரன்.

பாட்டி வீட்டில் பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. தோற்றவள் அடுத்த ஆட்டத்தில் தன் குழிகளை நிரப்பப் போதுமான முத்து இல்லாமல், மீதிக் குழியில் துரும்பைப் போட்டு மூடிவைப்பாள். குழி குறைந்தவள் மீண்டு வருவது கடினம். ஆனாலும் பல்லாங்குழியில் ஒரு வழி திறந்தே இருக்கும். நன்றாக எண்ணி எடுத்தால் ஒரு குழியிலிருந்துகூட அள்ளிவிடலாம். என் ஆட்டத்தில் அந்த வழியும் இல்லை.

கடைசி இடத்திலேயே கிடந்தவன் ஒரு பையன். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பாடத்திலும் பின்வரிசைதான். ஆட்டம் தொடங்கிய வாரம் அவன்தான் மேசையைத் துடைத்து அட்டையை விரித்துவைப்பான். மூன்றாவது பந்தயத்துக்குப் பிறகு வேனுக்கு வாசலிலேயே போய் நின்றுகொண்டான். "ஏன்பா, வரலையா?" என்றேன். "நான் வந்தாலும் வராட்டியும் ஒன்னுதான் டீச்சர்" என்றான். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கணிதப் பாட வேளையிலும் அவன் முகம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

விதியை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பரிசைத் தலைகீழாக்கினேன். கடைசிக் குழுவுக்கு 50 காசு, முதல் குழுவுக்கு ஒன்றுமில்லை. என்ன நடந்தது தெரியுமா? அடுத்த பந்தயத்தில் நாலு பேர் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டார்கள்! "முந்திப் போகாதேடா, பைத்தியமா?" என்று ஒருவன் இன்னொருவனைத் தடுக்கிறான். தோற்பதற்குச் சம்பளம் கொடுத்தால் தோற்கத்தான் செய்வார்கள்.

சரி, அதிர்ஷ்டத்தைக் கூட்டுவோம் என்று இரண்டு பகடையை உருட்டி எண்களைப் பெருக்கச் சொன்னேன். ஒன்றும் வரலாம், முப்பத்தாறும் வரலாம். இப்போது யார் வேண்டுமானாலும் வெல்லலாம். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வரவு செலவு எழுதிவந்த பெண்பிள்ளை ஒருத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள். "அப்ப நான் எதுக்கு டீச்சர் கணக்குப் பார்க்கணும்?" என்றாள். அவள் கேட்டதும் நியாயந்தானே? உழைப்புக்குப் பலன் இல்லாத ஆட்டமும் ஆட்டமில்லை.

பிள்ளைகள் விளையாட்டில் நான் பட்ட இந்தப் பாட்டைப் பெரியவர்கள் கோடிக்கணக்கான பணத்தை வைத்துக்கொண்டு பட்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் நம் மலேசியாவுக்கும் பங்கு உண்டு.

செப்பாங் பந்தயத் திடலில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1999 அக்டோபர் 17ஆம் தேதி முதல் பந்தயத்தை அண்ணனோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். ஃபெராரி கார்கள் முதலிரண்டு இடத்தையும் பிடித்தன. எட்டி இர்வைன் முதலில், மைக்கேல் ஷூமாக்கர் அடுத்து. சற்று நேரத்தில் இரண்டையும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். காரின் பக்கவாட்டில் காற்றைத் திருப்பிவிடும் பலகையின் அளவு சரியில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் மூன்றாவதாக வந்த மிக்கா ஹக்கினென் அன்றே உலக வெற்றியாளர். ஒரு வாரத்துக்குள் பாரிஸில் மேல்முறையீட்டு விசாரணை நடந்து, பலகை அனுமதித்த 5 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள்தான் இருந்தது என்று முடிவாகி, ஃபெராரியின் வெற்றி திரும்பக் கிடைத்தது. கடைசியில் ஜப்பானில் வென்று ஹக்கினெனே பட்டம் பெற்றார். எங்கள் அண்ணன் அந்த ஒரு வாரம் முழுக்கச் சோறு தண்ணியில்லாமல் வாதாடிக்கொண்டிருந்தார். விதி என்பது எத்தனை சின்ன அளவில் நிற்கிறது பாருங்கள்!

புள்ளி கொடுப்பதிலும் இதே தொல்லைதான். 2002இல் ஷூமாக்கர் ஜூலை மாதமே பட்டத்தை உறுதி செய்துவிட்டார். மிச்சம் ஆறு பந்தயத்தை யார் பார்ப்பார்கள்? அதனால் 2003இல் விதியை மாற்றினார்கள். வென்றவருக்குப் பழையபடி 10 புள்ளி, இரண்டாமவருக்கு 6க்குப் பதில் 8. போட்டி கடைசிப் பந்தயம்வரை போனது உண்மை. ஆனால் ஆறு பந்தயம் வென்ற ஷூமாக்கர் 93 புள்ளி, ஒரே பந்தயம் வென்ற கிமி ரைக்கோனென் 91 புள்ளி! அந்த ஒரு வெற்றியும் நம் செப்பாங்கில் கிடைத்ததுதான். சுவாரசியத்தைக் கூட்டப்போய் வெற்றியின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். 2010இல் மறுபடியும் மாற்றி, வென்றவருக்கு 25, அடுத்தவருக்கு 18 என்று வைத்தார்கள். பகடையைப் பெருக்கச் சொன்ன நான் மட்டும் முட்டாளில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 2009இல் பந்தய நிர்வாகம் ஒரு யோசனை சொன்னது. எந்தக் குழுவும் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்காமல் ஒரு வரம்பு வைப்போம் என்றது. பெரிய குழுக்கள் அதற்கு எத்தனையோ மடங்கு செலவழித்துவந்த காலம் அது. வரம்பு வந்தால் புதியவர்களும் உள்ளே வரலாமல்லவா? ஆனால் பெரிய குழுக்கள் பிரிந்துபோய்த் தனிப் போட்டி நடத்துவோம் என்று மிரட்டவும், வரம்பைக் கைவிட்டுவிட்டார்கள். 2010இல் மூன்று புதுக் குழுக்கள் களத்தில் இறங்கின. அதில் ஒன்று ஏர் ஏசியா டோனி ஃபெர்னாண்டஸின் குழு. முதலில் லோட்டஸ் ரேசிங் என்றும், 2012 முதல் கேட்டர்ஹாம் என்றும் பெயர். பச்சை நிறக் காரில் மலேசியக் கொடியைப் பார்த்து நாம் பூரித்துப்போனோம்.

ஐந்து ஆண்டு ஓடியும் அந்தக் குழுவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இன்னொரு குழுவான எச்.ஆர்.டி.யில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர் ஓட்டினார்கள். 2010இல் சென்னையின் கருண் சந்தோக், 2011, 2012இல் கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன். 2012 பருவத்தின் முதல் பந்தயத்துக்கு ஆஸ்திரேலியா போன அந்தக் குழுவின் இரண்டு கார்களும், மிகவும் மெதுவாக ஓடுகின்றன என்று தொடக்கக் கோட்டில் நிற்கக்கூட அனுமதிக்கப்படவில்லை. அதே கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் குழுவில் இருந்தபோது அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தவர். அன்றைக்குச் சக்கரப் பிரச்சினையால் பதினாலு கார்கள் விலகிவிட, ஆறு கார்கள்தான் ஓடின என்பது வேறு விஷயம். ஓட்டுநரிடம் திறமை இல்லாமலில்லை. வாங்குகிற காசில் வாங்க முடிந்த கார் அவ்வளவுதான்.

கேட்டர்ஹாமின் உச்சகட்டம் எது தெரியுமா? 2012இன் கடைசிப் பந்தயம், பிரேசிலில். ஓட்டுநர் பெட்ரோவ் பதினோராவதாக வந்தார். அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் அதனால் குழுக்களின் பட்டியலில் பத்தாம் இடம் கிடைத்தது. பத்தாவதுக்கும் பதினோராவதுக்கும் இடையே பரிசுப் பணத்தில் பெரிய பள்ளம் இருந்ததால், மேடை ஏறியவர்களைப் போல அவர்கள் கொண்டாடினார்கள். எச்.ஆர்.டி. அந்த ஆண்டோடு மூடப்பட்டது. கேட்டர்ஹாம் 2014இல் இரண்டு பந்தயத்துக்குப் போகக் காசில்லாமல், பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கடைசிப் பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு மறைந்துவிட்டது. மூன்று புதுக் குழுக்களில் மூன்றாவது, பெயர் மாறி மருஷியாவான குழு, 2014இல் மொனாக்கோவில் 2 புள்ளி எடுத்தது. 2014 வரை மூவரும் சேர்ந்து கண்டது அவ்வளவுதான்.

எனக்கு என் பின்வரிசைப் பையன்தான் நினைவுக்கு வந்தான். "வந்தாலும் வராட்டியும் ஒன்னுதான்."

பிறகு பெரியவர்களுக்கும் புத்தி வந்தது. 2021 முதல் செலவுக்கு வரம்பு வந்துவிட்டது. முதல் ஆண்டு 14.5 கோடி டாலர். அதை மீறிய ரெட்புல் குழுவுக்கு 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றுச் சோதனை நேரத்தில் பத்து விழுக்காடு வெட்டும் விழுந்தன. இன்னொரு விதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காரின் வடிவத்தைக் காற்றுக் கூண்டில் வைத்துச் சோதிக்கும் அளவு எல்லோருக்கும் ஒன்றில்லை. 2022 முதல், பட்டியலில் முதல் குழுவுக்கு 70 விழுக்காடு, அடுத்ததற்கு 75, அப்படி ஏறி, பத்தாம் குழுவுக்கு 115 விழுக்காடு.

கவனியுங்கள். பின்தங்கியவனுக்குப் புள்ளி கொடுக்கவில்லை, முந்தியவன் காலில் கல்லைக் கட்டவுமில்லை. கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத்தான் கூட்டிக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பை வீணாக்கினால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். 2023 தொடக்கத்தில் பின்னால் தள்ளாடிய மெக்லாரன், 2024இல் குழுக்களுக்கான பட்டத்தை வென்றது. 1998க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் குழுப் பட்டம் அது. விதி மட்டும் காரணமென்று சொல்லமாட்டேன். ஆனால் கதவு திறந்திருந்தது.

மறுநாளே பள்ளியில் பரிசுக் காசை அடியோடு எடுத்துவிட்டேன். வெற்றிக்குப் புள்ளி, பட்டறைக்குக் காசு. இரண்டையும் ஒரே பையில் போட்டதுதான் என் முதல் தவறு. பந்தயத்துக்குப் பந்தயம் 'பட்டறைச் சீட்டு' என்று கணக்குச் சீட்டு எடுக்க வேண்டும். சரியாகப் போட்டால் சீட்டுக்கு 10 காசு. முதலிரண்டு குழுவுக்கு இரண்டு சீட்டு, நடுவில் இருப்பவர்களுக்கு மூன்று, கடைசி இருவருக்கு நாலு. எல்லாம் சரியாகப் போட்டால் முதல்வனுக்கு வலிமை ஒன்று கூடும், கடைசிக் குழுவுக்கு இரண்டு. வித்தியாசம் பந்தயத்துக்கு ஆறு கட்டம். எட்டிப்பிடிக்கலாம், சும்மா கிடைக்காது. வேண்டுமென்று தோற்கவும் யாரும் துணிய மாட்டார்கள், புள்ளி போய்விடுமே!

பையனை வாசலிலிருந்து அழைத்துவந்தேன். இங்கேதான் நான் இன்னொரு தவறு செய்தேன். அவன் கணக்கில் பின்தங்கியவனாயிற்றே என்று, அவன் கைக்குப் போகும் சீட்டுகளை மட்டும் எளிதானதாகப் பொறுக்கி மேலே வைத்தேன். நாலையும் சரியாகப் போட்டான். முகம் மலர்ந்தது. எனக்கும் மனம் குளிர்ந்தது. அடுத்த வாரம், பக்கத்தில் இருந்தவளின் சீட்டைப் பார்த்தான். தன் சீட்டைப் பார்த்தான். நாலையும் மேசைமேல் மெதுவாக வைத்தான்.

"எனக்கு மட்டும் மூனாம் ஆண்டுக் கணக்கு டீச்சர்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேன் இன்னும் வரவில்லை. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றான். இருபது ஆண்டு கற்பித்தவள் நான். ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி அன்றைக்குத் தடுமாறிப்போனேன்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், "டீச்சர் விதியை மறைச்சு வளைச்சுட்டேன். தப்பு என்னோடது." சீட்டுக் கட்டைக் கலைத்து நடுவில் வைத்தேன். எல்லோருக்கும் ஒரே கட்டு. விதிகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மாற்ற வேண்டுமானால் பருவம் தொடங்குமுன் கைதூக்கி வாக்களிக்க வேண்டும், நடுவில் யாரும், டீச்சரும்கூட, தொடக்கூடாது என்று முடிவானது. அக்காள் மகனின் கணினி ஆட்டத்திலும் குழு முதலாளிகள் வாக்களித்துத்தான் விதியை மாற்றுவார்களாம்.

சக்கர விதி அப்படித்தான் பிறந்தது. மென்சக்கரம் சுற்றுக்கு 2 கட்டம் கூடுதல் தரும், மூன்று சுற்றுதான் தாங்கும். வன்சக்கரம் கூடுதல் தராது, ஆறு சுற்றும் தாங்கும். சக்கரம் மாற்ற நின்றால் எத்தனை கட்டம் நஷ்டம்? 5 என்றால் எல்லோரும் மென்சக்கரம் எடுத்தார்கள், ஏழு கட்டம் லாபம். 12 என்றால் இரண்டும் ஒன்றாகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். 15 வைத்து ஒரு மழைச் சீட்டைச் சேர்த்தோம். மூன்றாம் சுற்று முடிவில் மழை வந்தால் எல்லோரும் நின்று மழைச் சக்கரம் மாட்ட வேண்டும்.

ஐந்து சீட்டில் ஒன்று மழை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பின்வரிசைப் பையன்தான் எழுந்தான். "மழைச் சக்கரம் மாட்டுன பிறகு மென்சக்கரத்தோட ரெண்டு கட்டம் எப்படி டீச்சர் வரும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னதுதான் சரி. மழையில் மென்சக்கரத்துக்கு லாபம் 12 இல்லை, 6தான். வெயிலில் நஷ்டம் 3. ஆக மூன்று சீட்டில் ஒன்று மழையாக இருந்தால்தான் தராசு நேராக நிற்கும். இரண்டு முறை மூன்று போகிறது, ஒரு முறை ஆறு வருகிறது. சுவரில் இருந்த தாளில் அவன் கையாலேயே திருத்தி எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே! முன்னால் இருப்பவன் பயந்து வன்சக்கரம் எடுக்கிறான். பின்னால் இருப்பவன் மழையை நம்பி மென்சக்கரம் எடுக்கிறான். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எல்லாம் ஒன்றாகிவிடுவதா சமநிலை? இல்லை. எதைத் தேர்ந்தாலும் யோசித்துத் தேர்ந்ததாக இருக்க வேண்டும், அதுதான் சமநிலை.

அந்தப் பருவத்தில் பையன் நான்காவதாக வந்தான். வென்றது நோட்டுப் புத்தகக்காரிதான். அவளுக்கும் இது நியாயந்தானே. பையன் கணிதத்தில் திடீரென்று முதல் மாணவனாகிவிட்டான் என்று கதை சொல்லமாட்டேன். ஆனால் வேனுக்கு வாசலில் போய் நிற்பதில்லை. வகுப்பில் புரியாவிட்டால் கையைத் தூக்குகிறான். எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஓர் அட்டை, ஒரு பகடை, கொஞ்சம் சீட்டு போதும். ஐந்து வெள்ளிகூடச் செலவாகாது. ஆனால் இரண்டைமட்டும் மறந்துவிடாதீர்கள். பின்தங்கிய பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள், அதைத் திறந்த மேசையில் கொடுங்கள். இரகசியமாகக் கொடுத்தால் அது உதவி இல்லை, 'உன்னால் முடியாது' என்று நாமே அவன் கையில் எழுதிக் கொடுப்பதாகும்.

அடுத்த இதழில் சந்திப்போம். மழைக்காலம், பிள்ளைகளைக் குடையோடு அனுப்புங்கள்.